கருப்புக் குட்டியின் தகப்பன்

மேல்பண்ணை, வடக்கு ஐஸ்லாந்து
20 மே 1968

குட்னிக்கு,

இங்கே சுகம். என் வெள்ளைச் செம்மறி நேற்று கருப்புக் குட்டி போட்டிருக்கிறது. என் கிடா யோகுல் சுத்த வெள்ளை. அக்கம்பக்கத்தில் கருப்புக் கிடா உன் கோலுர் ஒன்றுதான். டிசம்பரில் கொட்டகைக் கதவை நீ சரியாகச் சாத்தியிருக்க மாட்டாய். பால் வண்டி ஓட்டும் ஸ்கூலிகூட, "என்னக்கா, வெள்ளை வீட்டுல கருப்பு வாரிசா?" என்று சிரித்துவிட்டுப் போகிறான். இலையுதிர் காலத்தில் கோலுர் வெட்டுக்குப் போகட்டும். அதுவரை நம் வேலிக் கதவுக்குப் பூட்டு.

உன் அக்கா
தோர்டிஸ்

கீழ்ப்பண்ணை
27 மே

அன்புள்ள அக்கா,

காப்பி குடிக்க வந்தவள் பூட்டைப் பார்த்துத் திரும்பினேன். மனசு கஷ்டப்பட்டது.

கோலுர் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன். அவன் எங்கேயும் போகவில்லை. வேளாண் பள்ளியில் படித்ததைச் சொல்கிறேன், கோபிக்காதே. நிறத்துக்குக் குட்டி தாயிடம் ஒரு கூறும் தகப்பனிடம் ஒரு கூறும் வாங்குகிறது. ஒன்று வெள்ளையானாலே உடம்பு வெள்ளை. கருப்பாய்ப் பிறக்க இரண்டுமே கருப்பாக வேண்டும். ஆக, தகப்பன் யாரானாலும் உன் வெள்ளைத் தாய் ஆடு உள்ளே கருப்பு நிறத்தை ஒளித்திருக்கிறது. அது ஒளிக்கலாம், யோகுல் ஒளிக்கக் கூடாதா?

வரும் கிறிஸ்துமஸுக்கு என் கருப்புப் பெட்டைகள் இரண்டை உன் கொட்டகையில் யோகுலோடு விடு. கொட்டகையைப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள். என் பெட்டைகளிடம் கொடுக்கக் கருப்பு மட்டும்தான் உண்டு. குட்டியெல்லாம் வெள்ளையென்றால் கோலுரை நானே வெட்டுக்கு அனுப்புகிறேன். ஒரு கருப்பு விழுந்தாலும் அது யோகுல் கொடுத்தது. அதுவரை பொறு அக்கா.

உன் குட்னி

மேல்பண்ணை
24 நவம்பர்

குட்னிக்கு,

பெட்டைகளை அனுப்பு. பெரிய படிப்புதான். குளிக்கும்போதுகூடக் கொட்டகைச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டேன்.

தோர்டிஸ்

மேல்பண்ணை
18 மே 1969

அன்புள்ள குட்னி,

முதல் பெட்டை இரண்டு வெள்ளை போட்டது. கோலுர் கதை முடிந்தது என்று எழுதப் பேனாவையே எடுத்துவிட்டேன். இன்று காலை அடுத்தது ஈன்றது. ஒன்று வெள்ளை, பின்னாலேயே கரிக்கட்டையாய் ஒன்று. துணியால் துடைத்துப் பார்த்தேன், நிறம் போகவில்லை. யோகுல் ஒன்றும் அறியாதவன் போல வைக்கோல் தின்கிறான்.

ஒரு வருஷம் தனியாகக் காப்பி குடித்தேன். ருசியே இல்லை.

நம் அப்பாவும் சாது, அம்மாவும் சாது. எனக்கு மட்டும் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உன் கணக்கிலேயே போட்டுப் பார்த்துக்கொள். மன்னிப்பு என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

வேலிக் கதவுப் பூட்டை ஆற்றில் எறிந்துவிட்டேன். கருவாடும் வெண்ணெயும் எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது கோலுரையும் ஓட்டிக்கொண்டு வா. அவனிடமாவது நேரில் சொல்லிவிடுகிறேன்.

உன் அக்கா
தோர்டிஸ்