மண்டோர் தீட்டிய ஸ்கேட்

வியாழன், 11

காலையிலிருந்து புகைமூட்டம். எதிரே புக்கிட் ரோத்தான் டவுனே தெரியவில்லை. இருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

ஞாயிறு பவித்ராவுக்குத் தேர்வு. பெண்கள் ஐஸ் ஹாக்கி, நாட்டு அணி. தற்காப்பில் ஒரே ஓர் இடம் காலி, போட்டிக்கு ஆறு பேர். இவளுக்கு வயது இருபத்தேழு. அடுத்த முறை இளசுகளுக்குத்தான் என்று கோச் சொல்லிவிட்டாராம். ஆக, இதுதான் கடைசி.

பெற்றது என் தங்கை சரசு. ஆனால் ஆறு வருடமாகக் கோலாலம்பூர் ஐஸ் அரங்குக்குக் காடி ஓட்டுவது தாய்மாமனாகிய அடியேன். ஓட்டிய தூரத்துக்கு நிலாவுக்குப் போய்ப் பசியாறிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

வேலைக்குக் கிளம்பும்போது பவித்ரா சொன்னாள்: "ஸ்கேட் பிளேடு மழுங்கிப் போச்சு மாமா. சனிக்கிழமை கடையில குடுத்துத் தீட்டணும்."

கடையிலா? செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடமாக ஆட்களை மேய்க்கும் மண்டோர் நான். நான் தீட்டிய அரிவாளைத் தூக்கிக் காட்டினாலே குலை பயந்து தானாக விழும்.

மாலை, தோட்டத்துப் பட்டறை. முதலில் கிரைண்டர், பிறகு அரம், பிறகு எண்ணெய்க் கல். இரண்டு ஸ்கேட்டும் முடிந்தது. முன்னங்கையில் வைத்து இழுத்துப் பார்த்தேன், முடி பறந்தது. பையில் பழையபடி வைத்தாயிற்று. பவியிடம் மூச்சு விடவில்லை. தானே பார்த்து அசரட்டும்.

வெள்ளி, 12

தூறல். முழங்கால் வலி.

பவி பையைத் திறந்தாள், பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"யாரு செஞ்சது?"

"வேற யாரு, உன் மாமன்தான். பாத்து எடு, கைய வெட்டிடும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக விளக்கினாள். பிளேடின் அடி கத்தி போல் இருக்கக் கூடாதாம். நடுவில் ஒரு பள்ளம், இரண்டு ஓரத்திலும் இரண்டு விளிம்பு. திரும்புவது, நிற்பது எல்லாம் அந்த விளிம்புகளில்தான். நான் இரண்டையும் சீவி ஒன்றாக்கிவிட்டேன்.

"இதுல நிக்க முடியாது மாமா. நேரா போயி சுவத்துல மோத வேண்டியதுதான்."

"வேற ஜோடி வாங்கிட்டா?"

"புதுசு கால்ல பழகவே ஒரு மாசம் ஆகும்."

அடுப்படியிலிருந்து சரசு: "நல்லதாப் போச்சு. பல்லாவது மிஞ்சும்." ஆட்டத்தில் மகள் பல் உடையுமோ என்று ஆறு வருடமாக இதே கவலை. கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

செய்ய வேண்டியவை:
– நாளை லீவு, ஆபீஸ் கிராணியிடம் சொல்ல
– காடி டயருக்குக் காற்று
– சரசுவிடம் வாய் கொடுக்காமல் இருக்க

சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் மூன்று பந்தி காண்கிற வயிறு இது.

சனி, 13

நல்ல மழை. எட்டுக்குக் கிளம்பினோம்.

அரங்கை ஒட்டிய கடை. தீட்டுகிறவர் என் வயதுச் சீனர். பிளேடை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "இனி பிசாவ் கா?" என்றார். இது கத்தியா என்று மலாயில் கேட்கிறார். யார் வேலை என்றும் கேட்டார். நானே கையைத் தூக்கினேன். மனிதர் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். இப்படி ஓர் ஆள் உயிரோடு திரிவதை இப்போதுதான் காண்கிறார் போலும்.

அரை மணி நேரம் அரைத்தார். பொறி பறந்தது, அத்தனையும் என் நெஞ்சில் விழுந்தது. பள்ளம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் பிளேடின் உயரம் குறைந்துவிட்டது, வளைவும் மாறிவிட்டது. விளையாடலாம், காலுக்கு வேறு மாதிரி இருக்கும் என்றார்.

அரங்கில் ஓடிப் பார்த்தாள். மூன்று முறை விழுந்தாள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ஈஜோக் டவுன் தாண்டியதும், "மாமா, பசிக்குது." அவ்வளவுதான். ரொட்டி சானாய் இரண்டு. கேட்டிருந்தால் கடையையே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஞாயிறு, 14

வெளியே வெயில். அரங்குக்குள் குளிர். இரண்டு ஜாக்கெட், தலையில் துண்டு, துருவக் கரடிக்குத் தூரத்துச் சொந்தம் போல் நான்.

பக்கத்தில் ஓர் அம்மாள். "எங்க மக பன்னெண்டாம் நம்பர். பத்தொம்பது வயசு. உங்களுக்கு?"

"நாலாம் நம்பர். தங்கச்சி மக."

முதல் நிமிடத்திலேயே பவி இடப்பக்கம் திரும்பப் போய் விழுந்தாள். இன்னொரு முறை. கோச் நோட்டில் ஏதோ எழுதினார். அந்தப் பேனாவைப் பிடுங்கித் தின்றுவிடலாமா என்றிருந்தது. ஐந்து நிமிடம் போல அப்படி. அப்புறம் கால் பிடிபட்டது. இரண்டு பேரைச் சுவரோடு அடைத்துப் பக் என்கிற அந்த ரப்பர் வட்டைப் பறித்தாள். பன்னிரண்டாம் நம்பர் ஏதோ அதிர்ஷ்டத்தில் ஓடியது. ஐந்தாறு முறை அதே அதிர்ஷ்டம்.

முடிந்ததும் கோச்சிடம் போனேன். "சார், ஒரு விஷயம், அந்த பிளேடு..." பின்னாலிருந்து ஜாக்கெட்டை ஒரு கை இழுத்தது.

"மாமா. காடிக்குப் போங்க."

பட்டியல் செவ்வாய் வாட்சாப்பில்.

திங்கள், 15

மந்தாரம். வேலையில் புத்தி இல்லை. லோரி புறப்பட்ட பிறகு பழம் ஏற்றச் சொன்னேன்.

குலை வெட்டும் மாரி: "போனையே பாத்துக்கிட்டு நில்லுங்க மண்டோரே. மேல இருந்து மட்ட விழுந்தா போனுக்கு ஒண்ணும் ஆகாது லா."

சாயங்காலம் சரசு தோட்டத்து மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள்.

"என்ன வேண்டுதல்?"

"அவ பல்லுக்குத்தான்."

தேர்வு நேற்றே முடிந்துவிட்டதே அம்மா என்று கேட்கவில்லை.

செவ்வாய், 16

விடுமுறை. புழுக்கம். மூவரும் வீட்டில். டிவி ஓடியது, யாரும் பார்க்கவில்லை.

நாலு மணி பத்து நிமிடம். போன் சத்தம். பவி படித்தாள், கவிழ்த்து வைத்தாள், எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள்.

பெயர் இல்லை. பன்னிரண்டாம் நம்பர் போகிறது.

சரசு அழுதாள். பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுப்படிக்குப் போனேன். "என்னாலதான் பவி. கோச்சுக்கு எழுதப் போறேன். மூணு மொழியில எழுதுறேன்."

"விழுந்தது உங்களால. அஞ்சு நிமிஷம். மிச்ச நேரம் நல்லாத்தான் ஆடினேன். அவ என்னைவிட வேகம் மாமா."

"பிளேடு மட்டும் சரியா இருந்திருந்தா..."

தண்ணீரை நிறுத்தினாள். "தோத்தது நான். இதையும் நீங்க எடுத்துக்காதீங்க."

அடுப்படி வாசல் வரை பின்வாங்கினேன்.

வியாழன் கிளப் பயிற்சி. போவோமா என்று வாசலிலிருந்து கேட்டேன். கேட்காத மாதிரி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பக் கேட்கப் பயமாக இருக்கிறது.