பாலா இழுத்த ரோலர்

மே 5, திங்கள்

காலையிலேயே வெயில். மைதானத்துக் கரிசல் விரல் போகிற அளவு வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும். கோல் வலைக்குக் கயிறு. டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு.

பாலா ஊருக்கு வந்திருக்கிறான். புதுக் கார். பள்ளி ஹாக்கி அணியில் அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். இப்போது அவன் லீக்கில், டிவியில். நான் ஊர் ஹாக்கி கிளப் செயலாளர்.

டீக்கடையில் ஒருவர்: "நம்ம பாலா பந்தோட கிளம்பிட்டாம்னா எவனும் நிக்க முடியாதுலே."

அந்தப் பந்தை அவனுக்குத் தள்ளிக் கொடுத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. டீ ஆறிவிட்டது.

மே 7, புதன்

புழுக்கம். சுடலைமுத்து என்ற ஆட்டுக்காரர் கிளப்புக்கு வந்தார். தாடையைச் சுற்றித் துண்டு. நேற்று விளாத்திகுளம் ரோட்டில் ஆடுகள் கடக்கும்போது பாலாவின் கார். "மெதுவா போங்க தம்பி" என்றிருக்கிறார். இறங்கி அறைந்திருக்கிறான். இரண்டு முறை.

"போலீசுக்குப் போகல. உங்க கிளப்பு பிள்ளைதான. நீங்களே கேளுங்க."

எனக்குள் முதலில் வந்தது கோபம் அல்ல. ஒரு இனிப்பு. வேறு சொல் தேடினேன். இல்லை.

மே 8, வியாழன்

கமிட்டிக் கூட்டம். கிளப்பில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: வெளியே தப்பு செய்தவன் உள்ளே வந்து ரோலர் இழுக்க வேண்டும், மைதானம் முழுக்க, தனியாக. கண்டக்டரை வைததற்காக நானும் இழுத்திருக்கிறேன். யாரும் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை.

தலைவர் தங்கராசு அண்ணாச்சிக்கு மனமில்லை. "டோர்னமென்ட் கோப்பை குடுக்க அவனைக் கூப்பிட்டாச்சு. நோட்டீசும் அடிச்சாச்சு. விடுலே."

நான் விடவில்லை.

"ஒனக்கு வயித்தெரிச்சல்லே."

எல்லோரும் சிரித்தார்கள். "ஆமா அண்ணாச்சி, வயித்தெரிச்சல்தான். அதுக்காக அந்த மனுசன் வாய் வீங்காம இருக்கா?"

சிரிப்பு நின்றது. முடிவு: ரோலர் இழுத்தால்தான் கோப்பை கொடுக்கலாம். ஜெயித்தேன். தூக்கம் வரவில்லை.

மே 10, சனி

இழுத்தான். மறுபேச்சு இல்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து. தோள் எப்படி இருக்கிறது அவனுக்கு.

சுவர் மேலெல்லாம் ஆள். செல்போன்கள். கைதட்டல். பையன்கள் கூடச் சேர்ந்து இழுக்க ஓடினார்கள். "தள்ளிப் போங்கலே, இது எனக்குள்ளது" என்று அனுப்பிவிட்டான். அதற்கும் கைதட்டல்.

தங்கராசு அண்ணாச்சி என் காதோரம்: "நீ இழுத்தப்ப நாய்தான நின்னுச்சு."

மைதானம் வழவழவென்று ஆகிவிட்டது. அதையும் நன்றாகச் செய்திருக்கிறான்.

மே 11, ஞாயிறு

மேகம், மழை இல்லை. விளாத்திகுளம் பக்கம் பைக்கில். பருத்தி எடுத்த காட்டில் சுடலைமுத்து ஆட்டுக்கிடை போட்டிருந்தார். தண்டனை நிறைவேறியதைச் சொல்லத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நன்றி மாதிரி ஏதோ ஒன்று.

"தெரியும் தம்பி. அவரு நேத்து சாயங்காலம் வந்தாரு."

"யாரு?"

"பாலாதான். ஒத்தையில. இங்கனதான் ஒக்காந்திருந்தாரு, ரொம்ப நேரம். அடிச்சது தப்புன்னாரு."

"மன்னிச்சிட்டீங்களா?"

"அது எதுக்கு இப்ப. வந்தாருன்னு சொல்லுதேன்." குட்டி ஒன்றைக் காலால் ஒதுக்கினார். "ரோலரு இழுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானாமே. நீங்க செஞ்சதுதான் நியாயம்னு சொன்னாரு."

என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கிறான். இதைவிட அவன் அறைந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல.

"சோறு மெல்ல முடியுதான்னும் கேட்டாரு" என்றார்.

நான் கேட்டதில்லை. அவர் துண்டோடு வந்த அன்றும். கூட்டத்தில் அவர் வாயை வைத்து ஜெயித்த அன்றும்.

இப்போது கேட்டால் அவனுக்கு அடுத்தபடியாகக் கேட்டதாகும். வண்டியை எடுத்தேன்.