பின் சீட்டுக்கு டிப்ஸ் இல்லை

பழவேற்காடு
மார்கழி 9

அன்பு மகன் எழிலரசனுக்கு அம்மா கங்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று நான் கேட்க வேண்டியதில்லை, வாரத்துக்கு இரண்டு வீடியோ போடுகிறாய், நீ நலமாக இருப்பது நாற்பதாயிரம் பேருக்குத் தெரியும், அதில் நாங்களும் இரண்டு பேர். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். பனிமலை உச்சியில் நின்று ஊருக்கெல்லாம் கையாட்டிப் பேசும்போது கிடைக்கிற சிக்னல், புனேயில் ரூமில் உட்கார்ந்து பெற்றவளோடு பேசும்போது எங்கே போகிறதோ தெரியவில்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

உன் வீடியோ எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. நன்றாகத்தான் சொல்கிறாய். விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும், இருட்டுவதற்குள் ரூம் போட்டுவிட வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி முதுகை நிமிர்த்த வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் குடிக்க வேண்டும், கனமான சாமானைக் கீழே வைத்துக் கட்ட வேண்டும், ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் போட வேண்டும். எல்லாம் பொன்னான வார்த்தை. இந்த வீட்டில் இருந்தவரை எட்டு மணிக்கு முன்னால் உன்னை எழுப்ப நான் பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும். ஒரு நாளும் ஈரத் துணியைக் கொடியில் போடாத பிள்ளை, மழைக்கோட்டை எப்படி மடித்துப் பைக்குள் வைப்பது என்று முழுசாகப் பதினோரு நிமிஷம் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், முதுகெலும்புக்குத் தனியாக ஒன்று, தண்ணீர் குடிக்க முதுகில் பையும் வாயில் குழாயும். பிரசவத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட உனக்கு நான் இவ்வளவு பந்தோபஸ்து செய்யவில்லை, மன்னித்துக்கொள். லடாக் போனாய், கோவா போனாய், கன்னியாகுமரிக்கே போய் வந்தாய். போன வழியையும் பார்த்தேன், பெங்களூரு, சேலம், மதுரை. நியாயம்தான், நம் ஊர் அந்த வழியில் இல்லை. கொஞ்சம் கிழக்கே திரும்பியிருந்தால் வந்திருக்கும், ஆனால் போட்ட ரூட்டை மாற்றக்கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா. இரண்டரை வருஷம் ஆகிறது. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். பைக்கில் போன யேசுதாஸ் அண்ணன் மகனைத் தச்சூர் கூட்டு ரோட்டில், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி அடித்து அன்றைக்கு எட்டாம் நாள். உன் அப்பாவும் யேசுதாஸ் அண்ணனும் இருபது வருஷமாக ஒரே படகில் போகிறவர்கள், அந்தப் பிள்ளையின் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரப் போனவர் உன் அப்பாதான். அந்த நேரம் பார்த்து நீ ஹாரன் அடித்தாய். அவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், நின்ற இடத்திலேயே சொன்னார், "இந்த வண்டியோட என் ஊட்டு வாசல்ல வந்து நிக்காத." நீயும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். தட்டில் சோறு போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன். உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அதை இங்கே எழுதியே வைக்கிறேன். உன் அப்பா வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும், துடுப்பைத் தோளில் வைத்துத் தண்ணீருக்குப் போகிற நேரத்தில் சொன்ன சொல்லை இந்த வீட்டு ஆண்கள் திரும்ப எடுக்கமாட்டார்கள். எடுத்தால் தண்ணீர் கோபித்துக்கொள்ளுமாம். பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் லீவுக்கு வடக்கே கட்ச் பக்கம் உப்புப் பாலைவனத்துக்குப் பத்து நாள் போகிறேன் என்று போன மாதம் வீடியோ போட்டாய் அல்லவா. அதைப் பார்த்த அன்றைக்கே உன் அப்பா, மீன் கூடை கட்டுகிற பழைய மொபெட்டை இழுத்துவந்து கழுவ ஆரம்பித்தார். எதற்கு என்றேன். புனே வரைக்கும் ஒரு லாங் ரைடு என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். ஐம்பத்தொன்பது வயது, மொபெட், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நான் சிரித்தேன், திட்டினேன், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன், மனுஷன் அசையவில்லை. நீ சொன்ன டிப்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் துண்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார். கவசத்துக்கு எங்கே போவார், வலையில் கட்டுகிற மிதவையைப் பாதியாக அறுத்து முழங்காலுக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு கட்டிக்கொண்டார். ஜாக்கெட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை இருக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம், மீன்வளத் துறையில் கொடுத்த ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கடலுக்குப் போகும்போது போடச் சொல்லி அதிகாரி வந்து கெஞ்சியும் ஒரு நாள் போடாதவர், ரோட்டில் போடுகிறார். ஹெல்மெட் மட்டும் கடைக்குப் போய் நல்லதாகவே வாங்கினார், இரண்டு வாங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிரையல். பெரிய ரைடுக்கு முன்னால் சின்ன ரைடு போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதானே சொன்னாய், அதனால் ஊத்துக்கோட்டை வரைக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு, எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனியில் கிளம்பினோம், அதுவும் உன் டிப்ஸ்தான். கிளம்பினோம் என்று எழுதியிருப்பதைக் கவனித்தாயா, பின்னால் உட்கார்ந்திருந்தது நான். பொன்னேரி தாண்டவில்லை, ஒரு நாய் துரத்த ஆரம்பித்தது, பிறகு மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. ஒரு ஊர் நாய் விட்டால் அடுத்த ஊர் நாய் பிடித்துக்கொள்கிறது. நான் சேலையை வாரிக் கால்களை மேலே தூக்கிக்கொண்டு, எந்த ஜென்மத்துப் பாவமோ என்று உட்கார்ந்திருந்தேன். பெரியபாளையத்தில் டீக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. செயினுக்குப் போடுகிற ஸ்பிரே எல்லாம் ஏமாற்று வேலை, உப்புக்காற்றில் முப்பது வருஷம் படகைக் காப்பாற்றிய எண்ணெய் செயினைக் காப்பாற்றாதா என்று, பழைய மரப்படகுக்குப் பூசி மிச்சம் இருந்த சுறா எண்ணெயை டப்பாவோடு கவிழ்த்திருக்கிறார். செயின் சுற்றச் சுற்ற அது என் சேலை முழுக்கத் தெறித்திருக்கிறது. மீன்காரி என்பதால் எனக்கு அந்த வாசனை தனியாகத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம் என்றால் படகு கட்டுகிற முடிச்சைப் போட்டுச் சாமானைக் கட்டியிருக்கிறார், கடைசியில் கடைக்காரரிடம் கத்தி வாங்கித்தான் அறுத்தோம். லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திய டிராபிக் போலீஸ், எந்த ஏரி உடைந்துவிட்டது பெரியவரே என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அதை வீடியோ எடுத்தே இன்னும் நாற்பதாயிரம் பேரைச் சேர்த்திருப்பாய்.

ஆனால் இதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தச்சூர் கூட்டு ரோடு வந்ததும் உன் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, என்னை இறங்கச் சொல்லி, இன்ஜினை அணைத்துவிட்டார். இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரி போய்க்கொண்டிருந்தது. மொபெட்டைத் தள்ளிக்கொண்டே ரோட்டைக் கடந்தார், நான் பின்னால் நடந்தேன். அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். இப்படிப் பயப்படுகிற மனுஷன் புனே வரைக்கும் எத்தனை கூட்டு ரோட்டில் இறங்கித் தள்ளுவார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஊத்துக்கோட்டையில் இட்லி சாப்பிடும்போது கேட்டேன், எதற்கு இந்தக் கூத்து, போனைப் போட்டு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை வரமாட்டானா என்று. "வண்டியோட வராதன்னேன், வராதன்னு சொல்லலியே" என்றார். அடுத்த இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அவந்தான வண்டியோட என் வாசலுக்கு வரக்கூடாது, நான் வண்டியோட அவன் வாசலுக்குப் போலாமில்ல" என்றார். இதைக் கண்டுபிடிக்க உன் அப்பாவுக்கு இரண்டரை வருஷம் ஆகியிருக்கிறது. நாம் போய்ச் சேரும்போது அவன் கட்ச்சில் இருப்பான், கதவு பூட்டியிருக்கும் என்றேன். "பூட்ட பாத்துட்டு வரலாம், எந்த ஊட்ல இருக்கான்னாவது தெரியும்" என்றார். மிச்ச இட்லியை அவர் தட்டில் வைத்துவிட்டேன்.

காணும் பொங்கலுக்குப் பழவேற்காட்டுக்கு வருகிற கூட்டம் ஓய்ந்த மறுநாள் கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு இல்லை, நானும் போகிறேன். நாற்பது வயதிலிருந்து எனக்கு இடுப்புவலி, அது உனக்கும் தெரியும். உன் வீடியோ அத்தனையிலும் தேடிவிட்டேன் எழிலு, ஓட்டுகிறவனுக்கு நூறு டிப்ஸ் சொல்லியிருக்கிறாய், பின் சீட்டில் உட்காருகிறவளுக்கு ஒன்றுகூட இல்லை. காலை எங்கே வைப்பது, தூக்கம் வந்தால் என்ன செய்வது, முன்னால் இருப்பவர் பயந்தால் என்ன சொல்வது, ஒன்றும் இல்லை. இருபத்தொன்பது வயது வரைக்கும் பின் சீட்டில் பையையே கட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு அது எப்படித் தெரியும். அதை வேறொரு சமயம் பேசிக்கொள்ளலாம், ஈஸ்வரி அத்தை ஒரு ஜாதகம் கொடுத்திருக்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று, இதை நான் சொன்னதாக உன் அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. உன் ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் நண்டுப் படம் போட்ட ஒருவர் முதல் ஆளாக வந்து ஒரே வரியை எழுதுகிறாரே, "ஹெல்மெட் பட்டிய போட்டுக்கினு ஓட்டு தம்பி" என்று, அது யார் என்று யோசித்தாயா. படகு இன்ஜின் பார்க்கிற வசந்தகுமாரிடம் சொல்லி உன் அப்பா தனியாகக் கணக்கு ஆரம்பித்திருக்கிறார். யேசுதாஸ் அண்ணன் மகன் தலையில் அன்றைக்கு ஹெல்மெட் இருந்தது, பட்டியைத்தான் போடவில்லை, அது உனக்குத் தெரியாது. ஆடி மாதத்தில் ஒரு தடவை நீ அந்த நண்டுக்காரருக்குப் பதில் எழுதினாய், "தேங்க்ஸ் ப்ரோ, ஒரு நாள் உங்க ஊருக்கே வண்டில வரேன்" என்று. ஆயிரம் பேருக்கு எழுதுவதுபோல எழுதியிருப்பாய். தான் படித்தது போதாதென்று அதை வசந்தகுமாரை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஆவணியில், நம் வாசலில் இல்லை, வாசலுக்கு எதிரே வலை காயப்போடுகிற இடத்தில் நான்கு கம்பம் நட்டுத் தகரம் போட்டார். வலைக்கு எதற்குக் கூரை என்று கேட்டேன். "தெரிஞ்ச புள்ள ஒண்ணு வரேன்னுகீது, வண்டி வெயில்ல நிக்கக்கூடாது" என்றார். கார்த்திகை வரைக்கும் பார்த்தார், நீ கட்ச் என்றாய், அதன் பிறகுதான் மொபெட்டைக் கழுவினார்.

நீ நல்லா இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல், போகிற ரோடெல்லாம் உனக்கு நல்ல ரோடாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு எங்கே போவது என்பது உன் இஷ்டம், நான் வா என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர் சொல்லாதபோது நான் யார். தகரத்தின் அடியில் இன்றைக்கு வரைக்கும் ஒரு வலையைக்கூட அவர் போடவிடவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா
நா. கங்கம்மாள்