உதட்டை அசைக்காம ஒரு ஜெபமாலை

பிப்ரவரி 9, திங்கள்

அதனால நீங்களே சொல்லுங்க மாதாவே, எதிர்ல உக்காந்து தமாலே தின்னுக்கிட்டிருக்கற மனுஷனோட ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டா அவன் சும்மா இருப்பானா? செத்தது எவரிஸ்தோ. நான் சொன்னது அவன் தம்பி அனாஸ்தாசியோ பேரை. ஒருதரம் இல்ல, ஜெபம் முடியற வரைக்கும். அதுவும் நவநாள் கடைசி ராத்திரி, வீடு நிறைய சனம்.

அனாஸ்தாசியோ வாயில இருந்ததை முழுங்கிட்டு, "லிந்தாக்கா, எனக்கு இன்னும் பசி இருக்கு. கொஞ்சம் பொறுத்து அனுப்புங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எவரிஸ்தோ பொண்டாட்டி சிரிக்கல.

எங்க அம்மாவுக்கப்புறம் இந்த ஊர் சாவுக்கெல்லாம் முன்னால உக்காந்து ஜெபம் சொல்றவ நான். இப்படி நடந்ததே இல்ல. தூக்கம் இல்ல, அதான். என் வீட்டுக்காரர் அபுந்தியோ படுக்கையில கிடந்தப்ப, அவருக்கு மூச்சு வருதா வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்து பழகிட்டேன். அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. காது இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. படுத்துக்கிட்டே ஜெபமாலை முழுசும் சொல்லி முடிப்பேன், திரும்ப முதல்லேருந்து ஆரம்பிப்பேன், விடிஞ்சிரும்.

பிப்ரவரி 10

அடுத்த சாவுக்கு பெத்ரோனாவைக் கூப்பிடறதா பேச்சாம். சாகப்போறது யாருன்னே தெரியாது, ஜெபத்துக்கு மட்டும் ஆள் பேசியாச்சு.

பிப்ரவரி 11

தம்பி மக யெசெனியா என்னை சாந்தா அனாவுக்கு பஸ்ல இழுத்துட்டுப் போனா. மூளைக்குப் பழக்கம் குடுக்கற வைத்தியமாம். அங்க மாரிசெல்னு ஒரு பொண்ணு, யெசெனியா வயசுதான் இருக்கும். குளிக்கற தொப்பி மாதிரி ஒண்ணைத் தலையில மாட்டி, ஓட்டை ஓட்டையா அதுக்குள்ள சில்லுனு பசையை விட்டா.

"கரன்ட் விடுவியா பாப்பா?"

"உள்ள எதுவும் விட மாட்டோம் லிந்தாம்மா. உங்க மூளை பேசறதைக் கேக்கறோம், அவ்வளவுதான்."

"அதுவும் பேசுதா?"

"வாய் மாதிரியேதான் அத்தை, நிறுத்தாது"ன்னு யெசெனியா. கழுதை.

இனிமே வாரம் ரெண்டு தரம் போகணும். ரெண்டு மூணு கம்பியைத் தலையிலயும் காதுலயும் ஒட்டி டிவி முன்னால உக்கார வைப்பாங்க. மூளை நிதானமா இருந்தா படம் பளிச்சுனு தெரியும், பதறினா இருண்டு போயிரும். நான் ஒண்ணும் செய்ய வேணாமாம். வெளிச்சம் எப்ப வருதுன்னு பாத்து மூளையே மெல்ல மெல்ல கத்துக்குமாம். "உங்க வீட்டுக் காவக்காரன் ராத்திரி முழுக்க முழிச்சே பழகிட்டான். காவல் முடிஞ்சதுன்னு அவனுக்கு யாரும் சொல்லல"ன்னா. எனக்கு அபுந்தியோ நினைப்பு வந்துச்சு.

குணமாகுமான்னு கேட்டேன். "நிறைய பேருக்கு கேட்டிருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருபது தரமாவது வந்து பாருங்க"ன்னா. பஸ்ல தைலம் விக்கறவன் அம்மா மேல சத்தியம் பண்றான். இவ பண்ணல. அதனாலயே வரேன்னுட்டேன்.

பிப்ரவரி 16

கடல் ஆமைப் படம் போட்டா. ஆமையையே பாக்கல. முழுக்க இருட்டு. தலைவலி. முதல்ல அப்படித்தான் அசதியா இருக்குமாம்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலைல பூசை முடிஞ்சு நெத்தியில சாம்பலோட போனேன். தொடைக்கச் சொல்வாளோன்னு பயம். "உங்களுக்கு உச்சந்தலையிலதான் ஒட்டணும், சாம்பல் இருக்கட்டும்"ன்னா. நல்ல பொண்ணு. படம் இருட்டு.

பிப்ரவரி 25

எப்பவும் என் முதுகுக்குப் பின்னால கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்துக்கிட்டு "தாடையைத் தளர விடுங்க லிந்தாம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நானும் விட்டேன்னுதான் நினைச்சேன். இன்னிக்கு எழுந்து முன்னால வந்து பாத்தா.

"என்ன மெல்றீங்க?"

"மெல்லல. அருள்நிறைந்த மரியே சொல்றேன்."

"முதல் நாள்லேருந்தா?"

"பின்ன? மாதா இல்லாம எந்த வைத்தியம் கேக்கும்?"

அந்தப் பொண்ணு தரையிலயே உக்காந்துட்டா. சிரிக்கறாளா அழறாளான்னு தெரியல. உதடும் தாடையும் ஆடினா அந்தத் தசை போடற சத்தத்துல மூளைச் சத்தம் கேக்கவே கேக்காதாம், சந்தைக்கு நடுவுல நின்னுக்கிட்டு கைக்கடிகாரச் சத்தம் கேட்ட மாதிரி. இத்தனை நாளும் வீண். பஸ்ல வர்றப்ப யெசெனியா தூங்கி விழுந்துச்சு. ஒரு நாள் வேலையை விட்டுட்டு வருது பாவம்.

மார்ச் 1, ஞாயிறு

பூசை முடிஞ்சு சாமியாரைக் கேட்டேன், உதடு அசையாம சொன்னா அது ஜெபத்துல சேத்தியான்னு. "மாதாவுக்குக் காது நல்லாவே கேக்கும் எர்மெலிந்தா. உன் சத்தம்தான் எங்களுக்கெல்லாம் கேக்குது"ன்னார். வயசானவர், போகட்டும்.

மார்ச் 2

மனசுக்குள்ளயே சொன்னேன். உதடு ஆடல, சத்தியமா ஆடல. அப்பவும் இருட்டு. ஜெபமாலையில இயேசு பாடுபடற துக்க தேவரகசியம் வந்ததும் அபுந்தியோ இழுத்து இழுத்து மூச்சு விட்டது வந்துருச்சு — உடனே ஒரேடியா கறுப்பு. சலிச்சுப்போய் ஜெபத்தை நிறுத்தினேன். பளிச்சுனு ஆமை!

திரும்ப ஆரம்பிச்சேன், இருட்டு. நிறுத்தினேன், வெளிச்சம்.

என்ன அர்த்தம் இதுக்கு? உங்களை விட்டாத்தான் எனக்கு வெளிச்சமா? அப்படின்னா எனக்கு வேணாம் அந்த ஆமை. தூங்காமலே செத்துப் போறேன். போய்த் தொலையட்டும், பெத்ரோனாவே வந்து எனக்கு ஜெபம் சொல்லட்டும்.

மார்ச் 3

தூங்கல.

மார்ச் 4

வர மாட்டேன்னேன். யெசெனியா வாசல்ல செருப்போட நின்னுக்கிட்டே, "போன வாரம் அடுப்பை அணைக்காம சந்தைக்குப் போனீங்க அத்தை. எனக்கு அப்பாவும் இல்ல, நீங்களும் இல்லாம போயிருவீங்களா?"ன்னா. போனேன். ஆமையையும் பாக்கல, ஜெபமும் சொல்லல. கண்ணு கரிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மார்ச் 11

ஒண்ணு தோணிச்சு, தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. இந்த ஒரு வருஷமா நான் உங்ககிட்ட ஜெபமா சொன்னேன்? அவர் மூச்சு நிக்காம பாத்துக்கோங்க, நிக்காம பாத்துக்கோங்கன்னு ஒரே கெஞ்சல்தான். அவர் போனப்புறமும் வாய் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கு.

இன்னிக்கு ஒண்ணும் கேக்கல. பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் பீன்ஸ் உரிக்கற மாதிரி நினைச்சுக்கிட்டேன். நீங்களும் பேசல, நானும் பேசல. ஆமை பாட்டுக்கு நீந்திச்சு. மாரிசெல் தாடை பேச்சையே எடுக்கல.

மார்ச் 23

நேத்து ராத்திரி சேவல் கூவற வரைக்கும் தூங்கினேன். முந்தாநாள் இல்ல. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, இப்படித்தான் திருந்துமாம். கால் ரெண்டும் இரும்பா கனக்குது.

ஏப்ரல் 16, வியாழன்

ரொட்டிக்கடை க்ளோதில்தே போய்ச் சேர்ந்தா. அவ மக வந்து கூப்பிட்டா. "ஜெபத்துக்கு நீங்கதான் வேணும்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. பேரைப் பெருசா எழுதி சுவத்துல ஒட்டட்டுமா லிந்தாக்கா?" இந்த வாய்க்கு ரொட்டி எப்படி விக்குதோ. ஆனா கூப்பிட்டாளே.

இன்னிக்கு முதல் நாள் ஜெபம். அனாஸ்தாசியோ முன் வரிசையில நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்தான், "உயிரோட இருக்கேன்னு தெரியட்டும்"னு. கடைசிவரைக்கும் தப்பு வரல. க்ளோதில்தே, க்ளோதில்தேன்னு ஒவ்வொரு தரமும் சரியா வந்துச்சு. காப்பி தண்ணியா இருந்துச்சு, ரொட்டி நல்லா இருந்துச்சு, அவ வீடாச்சே. முட்டி வலி. மாரிசெல்கிட்ட இன்னும் நாலஞ்சு தரம் பாக்கி. எவரிஸ்தோ பொண்டாட்டி வந்திருந்தா. பேசல. ஆனா பதில் ஜெபம் சத்தமா சொன்னா.

போய்ப் படுக்கணும்.

அட, இப்பதான் நினைவு வருது. காலைல கூட்டறப்ப ஜெபமாலை கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, பூனை இழுத்திருக்கும்னு அதைத் திட்டினேன். பூனை இல்ல. நேத்து ராத்திரி படுத்து ஜெபமாலைச் சிலுவையைக் கையில பிடிச்சது நினைவிருக்கு மாதாவே. முதல் மணி சொன்னது நினைவே இல்ல.