ஊறுகாய்ப் போத்தலில் இரண்டு எண்ணெய்

மச்சான், போன சனிக்கிழமை உன் மனுசி மெற்றில்டா லண்டனின் அந்தக் கரையிலிருந்து கிங்ஸ்பரிக்கு, நான் கார் திருத்துகிற கராஜுக்கே வந்துவிட்டார். ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில் மாறி மாறி, நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு. நான் ஒரு காரின் அடியில் கிடந்தேன். எழும்பி வந்து பார்த்தால், பைக்குள்ளிருந்து ஒரு ஊறுகாய்ப் போத்தல் வெளியே வருகிறது.

ஊறுகாய் இல்லை. மேலே நல்ல சிவப்பாக எண்ணெய். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேத்தண்ணி நிறத்தில் வேறொன்று. இரண்டும் கலக்காமல் நடுவில் கோடு கிழித்ததுபோல நிற்கின்றன. மூடியில் ஒட்டியிருந்த தாளில் கவுன்சில் கந்தோரில் எழுதி எழுதித் திருந்திய உன் கையெழுத்தில் இரண்டே சொல்: மறக்கக் கூடாது.

"இவற்ர அலுமாரிக்குள்ள கிடந்தது அண்ணை. நான் எறியப்போனா ஒவ்வொரு முறையும் ஏச்சுத்தான். இது என்னண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். கண்ட உடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது, "இருங்கோ, கையைக் கழுவிக்கொண்டு வாறன்" என்பதுதான். கை கழுவ எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் குழாயைத் திறந்துவிட்டுப் பேயன் மாதிரி நின்றேன். நீ கண்ணை மூடி ஐந்து மாதத்துக்குப் பிறகு, மூன்று வருடமாக நான் மறைத்து வைத்திருந்தது ஒரு துணிப்பையில் ஏறி என்னைத் தேடி வந்திருக்கிறது.

பறக்கும்போது விமானத்தின் சக்கரத்தை உள்ளே மடிக்கிற ஆசை உன்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக் கராஜுக்குள் ஒன்பது வருடம் அந்த விமானத்தைக் கட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் படகு செய்கிறோம் என்று நினைத்துக் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுத, அது சுற்றிச் சுற்றி உன் மேசைக்கே வந்தது. நான் அப்போதே தலையால் அடித்துக்கொண்டேன். இரண்டு பேர் இருக்கிற சின்னச் சாமானுக்கு நிலையான சக்கரம் போதும், கரைச்சல் இல்லை என்றேன். "காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறக்க நாங்கள் என்ன கோழியே?" என்று கேட்டாய். அந்தக் கோழிப் பேச்சால்தான் பம்ப், குழாய், ரப்பர் வளையம், சிவப்பு எண்ணெய் எல்லாம் எங்கள் தலையில் விழுந்தன. எண்ணெய் தள்ளினால் சக்கரம் இறங்கிப் பூட்டும். பூட்டினால் மூன்று பச்சை லைட் எரியும். எரியாவிட்டால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கவேண்டியதுதான்.

ஒருவன் செய்தால் மற்றவன் பார்க்கவேண்டும் என்பது உன் சட்டம். விமானத்தின் வேலைக் கொப்பியில் இரண்டு கட்டம்: செய்தவர், பார்த்தவர். இரண்டு கையெழுத்தும் விழாமல் விமானம் எஸ்ஸெக்ஸ் ஓடுபாதைக் கரையில் இருக்கிற கொட்டிலை விட்டு வெளியே வராது. முடித்துவிட்டுக் கருவிப் பெட்டியைப் பூட்டும்போது, "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். மன்னார்க் கத்தோலிக்கன் பழக்கத்தை விடுவானா! "நீ என்ன பாதரே, நான் உனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய?" என்று நானும் ஒவ்வொரு முறையும் நக்கலடிப்பேன்.

மெற்றில்டா இரண்டு வீட்டுக்கும் தேசிக்காய் ஊறுகாய் போடுவார். காலிப் போத்தலை எறிய எங்கள் இரண்டு பேருக்குமே மனம் வராது. நீ எஸ்ஸெக்ஸ் கொட்டிலில் சிவப்பு எண்ணெயை அதில் ஊற்றி, உடையாமல் இருக்கப் பெட்டி ஒட்டுகிற மண்ணிற ரேப்பை முழுக்கச் சுற்றி வைத்திருந்தாய். உன்னைப் பார்த்து நானும், என் வான் வண்டிக்கு வேண்டிய பிரேக் எண்ணெயை அதே போத்தலில், அதே ரேப் சுற்றி அங்கேயே வைத்திருந்தேன். புத்திசாலிகள்!

அந்த மாரிக்காலச் சனிக்கிழமை நீ கோவிலில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாய். எண்ணெய் குறைந்திருந்தது. நான் தனியாக நின்று ஊற்றினேன். அரைக் கோப்பை போனபிறகுதான் புனலில் நிறத்தைக் கண்டேன். கையில் இருந்தது என் வான் வண்டியின் போத்தல்.

பிரேக் எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும் என்பது எனக்குத் தெரியாததா? அதுதானே என் பிழைப்பு. எல்லாவற்றையும் வடித்துக் கழுவியிருக்கவேண்டும். ஆனால் ஆறு கிழமை மழைக்குப் பிறகு அடுத்தநாள்தான் வானம் வெளிக்கப்போகிறது. நீ சின்னப்பிள்ளை மாதிரிக் காத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தை நினைக்கப் பயமாகவும் இருந்தது. இவ்வளவு சிவப்புக்குள் இந்தத் துளி என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லி, மேலே சிவப்பை விட்டு நிரப்பி, செய்தவர் கட்டத்தில் கையெழுத்து வைத்தேன். காலையில் நீ வந்து, மூடியைத் திறந்து சிவப்பைக் கண்டு, பார்த்தவர் கட்டத்தில் வைத்தாய். "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்றாய். பாதர் பகிடியைச் சொன்னேன். இருவரும் ஏறிப் பறந்தோம்.

மூன்று கிழமை கழித்து இடது சக்கரத்தின் பச்சை லைட் பிந்தி எரியத் தொடங்கியது. நீ கிழமைநாளில் லீவு போட்டு, தனியாகப் போய், விமானத்தை ஜாக்கில் ஏற்றி எண்ணெயை வடித்திருக்கிறாய். சனிக்கிழமை எனக்குச் சொன்னதெல்லாம், "வளையங்கள் பழசாப் போச்சு, எல்லாத்தையும் மாத்துவம்." நான் மெதுவாக, "எண்ணெய் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். "சிவப்பாத்தான் இருந்தது" என்றாய். இரண்டு சனி, ஞாயிறு எதிரெதிரே குந்தியிருந்து வளையம் மாற்றினோம். தப்பினேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ விமானம் ஓட்டவில்லை. "நீ ஓட்டு மச்சான், எனக்குக் கண் சரியில்லை" என்றாய். எண்ணெய் ஊற்றுமுன் என் முகத்துக்கு நேரே பிடித்து, "சிவப்போ? வடிவாப் பார். என்ர தலையை நம்பேலாது" என்பாய். சிவப்புத்தான் என்பேன். நான் மேலே சுற்றும்போது நீ ஓடுபாதைக் கரையில் தூரக்கண்ணாடியோடு நிற்பாய். ரேடியோவில் உன் குரல் வரும்: "மூண்டு காலும் வெளியில. இறங்கு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெற்றில்டாவின் முன்னால் நின்றேன். "தெரியும். இது விமானத்தில இருந்து வடிச்ச எண்ணெய். கீழே கிடக்கிறது பிரேக் எண்ணெய். மாறி ஊத்தினது நான்" என்றேன்.

அவர் என்னை விளங்காத மாதிரிப் பார்த்தார்.

"இல்லையே அண்ணை. தான் ஊத்தினதெண்டெல்லோ அவர் சொன்னவர்."

"அவனோ?" என்று கேட்டேன்.

"தனக்கு மறதி வந்திட்டுதாம், உங்களைச் சாகடிக்கப் பாத்திட்டாராம் எண்டு அழுதவர். பாதரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தவர். பிறகு ஞாபகசக்தி சோதிக்க டொக்டரிட்டயும் கூட்டிக்கொண்டு போனனான். ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். வரேக்க சிரிச்சுக்கொண்டு வந்தவர். ஆனாலும் இனிப் பிளேன் ஓட்ட மாட்டன் எண்டிட்டார்."

பிறகுதான் நான் சொன்னது அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "மூண்டு வருசமா வாய் திறக்கேல்லையே அண்ணை! அந்த மனுசன் எத்தினை நாள் நித்திரை கொள்ளேல்லை தெரியுமோ?" என்றார். போகும்போது பையை மட்டும் எடுத்தார். "போத்தலை நீங்களே வைச்சிருங்கோ" என்றார்.

ஒன்றும் விளங்கவில்லையடா. நீயே ஊற்றினாய் என்று நம்பித்தான் பறப்பதை விட்டாயா? அப்படியென்றால் உன் வானத்தைப் பறித்தவன் நான். சரி, உன் தலையில் பிழையில்லை என்று டொக்டர் சொன்னபிறகு? கொட்டில் சாவி இரண்டுபேரிடம்தான் இருந்தது. நீயில்லை என்றால் யார் என்று கணக்குப் போட உனக்கா தெரியாது? தெரிந்துகொண்டுதான் போத்தல் போத்தலாக என் முகத்துக்கு முன்னால் பிடித்தாயா, இன்றைக்காவது சொல்லுவான் என்று? என்னை நம்பாமல் ஏறாமல் விட்டாயா, அல்லது என்னைப் போன்றவன் மேலே போனால் கீழே ஒருவன் நின்று காலை எண்ணவேண்டும் என்று நின்றாயா? கேட்க நீ இல்லை. கோபம் வருகிறது, உன்மேலா என்மேலா என்றும் தெரியவில்லை. ஒரு தரம் சட்டையைப் பிடித்து ஏசியிருக்கலாமே!

ஞாயிறு எஸ்ஸெக்ஸுக்குப் போனேன். கொப்பியைத் திறந்தேன். 'ரப்பர் வளையங்கள் மாற்றம். காரணம்: பழசு' என்று நீ எழுதியிருக்கிறாய். வாழ்க்கையில் நீ எழுதிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன்: 'காரணம்: பிரேக் எண்ணெய். ஊற்றியது நான். மறைத்ததும் நான்.' செய்தவர் கட்டத்தில் கையெழுத்து வைத்தேன்.

பிறகு பெட்டியைப் பூட்டப்போனவன், பழக்கதோசத்தில், நீ கேட்பாய் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பார்த்தவர் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது. விமானத்தை நான் வெளியே எடுக்கவில்லை.