நான் பரிந்துரைக்காதவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. மொத்த வகுப்புக்கும் சேர்த்து ஒருத்தியே பேசினால் நான் வேறென்ன செய்வது, கத்தத்தான் வேண்டியிருக்கிறது. என் மூன்றாம் வகுப்பில் அவளுக்குப் பெயர் வாயாடி. வைத்தது நான்தான். இப்போது பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

இன்று கழித்தல் பாடம். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று சொல்லி வாய் மூடவில்லை, எழுந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல சைபருக்குக் கீழயும் ஒரு மாடி இருக்கே டீச்சர்! எங்கம்மா அங்கதான் துணி துவைக்கிறாங்க. ரெண்டாவது மாடியிலேருந்து மூணு மாடி இறங்கினா அங்கதான போகும்?"

வகுப்பே சிரித்தது. வெளியே போய் நில் என்றேன். சாயங்காலம் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பெண் எதிர்த்துப் பேசுகிறாள் என்று சொல்லி வைத்தேன். இந்த வருடம் எத்தனையாவது தடவையோ.

பிப்ரவரி 5, வியாழன்

நான்காம் வகுப்பிலிருந்து மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. பரிந்துரைக்க ஐந்து பெயர் வேண்டும் என்றார் தலைமையாசிரியை. டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தும் தங்கம். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு, சொன்னதைச் செய்யும் குணம்.

பிப்ரவரி 12, வியாழன்

எரிச்சல். பரிந்துரை மட்டும் போதாதாம், இந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் தேர்வு எழுத வேண்டுமாம். "போன வருஷம் எடுத்த பிள்ளைங்கள்ல முக்காவாசி டாக்டர் வீடு, டீச்சர் வீடு. அது எப்படின்னு மேலேருந்து கேக்குறாங்க" என்கிறார் தலைமையாசிரியை. பதினெட்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியாதா?

மார்ச் 6, வெள்ளி

தெரியவில்லை.

என் ஐவரில் இருவர் தேறினார்கள். அப்புறம், அவள். பள்ளியிலேயே அதிக மதிப்பெண். படம் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் பகுதியில் ஒன்றுகூடத் தப்பில்லையாம்.

"உங்க வகுப்புப் பிள்ளை! பெருமையா இருக்குமே?" என்றார் தலைமையாசிரியை. தலையாட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

அவள் அம்மா வந்திருந்தார். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், மேலெல்லாம் சோப்பு வாசனை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சலவைச் சோடாவில் வெடித்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"நீங்க எழுதிக் குடுக்காம இது நடந்திருக்குமா டீச்சர்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அவ கெட்டிக்காரிங்க" என்று மழுப்பினேன்.

அதோடு போயிருக்கலாம். அவர் விடவில்லை. "நீங்க கூப்பிட்டுச் சொல்ற அன்னைக்கெல்லாம் வீட்டுக்குப் போய் அவள வெளுத்துடுவேன். பாவமாத்தான் இருக்கும். இப்பதான புரியுது, எல்லாம் அவ நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கீங்க."

அடித்தாரா? லிஃப்டைப் பற்றிக் கேட்ட அன்றுமா? அதுக்கு எனக்கு நன்றியா சொல்லுது அந்தப் பொம்பளை? ஐயோ.

மார்ச் 10, செவ்வாய்

அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடவா என்று கணவரிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணுக்குத்தான் இடம் கிடைச்சுடுச்சே, விடேன். உன் மனசு லேசாகணும்னு அந்தம்மா நிம்மதியக் கெடுக்கப்போறியா?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் வாயைத் திறக்காவிட்டால், அடித்தது சரி என்றே அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். பிள்ளையும் அப்படியே நினைத்து வளரும்.

மார்ச் 13, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்டில் கீழே போகும் பொத்தானை அமுக்கும்போதே முகம் சுட்டது.

சலவை அறைக்குள் ஒரே ஆவி. இயந்திரச் சத்தத்தில் பாதி வார்த்தை அமுங்கிப்போக, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் பரிந்துரைக்கவில்லை. அவள் என் நினைவுக்கே வரவில்லை. எதிர்த்துப் பேசினாள் என்று நான் சொன்னதெல்லாம் வெறும் கேள்விகள். நல்ல கேள்விகள்.

அவர் கையிலிருந்த போர்வையைக் கடைசிவரை மடித்தார்.

"அப்ப நான் அடிச்சது?"

மடித்ததை அடுக்கின்மேல் வைத்தார்.

"உங்கள நம்பித்தான டீச்சர் அடிச்சேன்."

அடுத்த போர்வையை எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மனசு லேசாகவும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

ஜூன் 17, புதன்

சுண்ணக்கட்டி வாங்கப் பள்ளியின் புதுக் கட்டிடத்துக்குப் போனேன். தனி வகுப்பின் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். நடுவில் அவள். கைகளை வீசி வீசி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நிலா ஏன் கூடவே வருகிறது என்பது போல ஏதோ. புது ஆசிரியர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகாகப் பேசுகிறாள். இத்தனை நாள் என் வகுப்பில் இருந்தும் ஒரு வாக்கியம் முழுதாக நான் கேட்டதில்லை.

சிரித்தேன் போலிருக்கிறது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பேச்சு அப்படியே நின்றது. யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.