ஐம்பதில் அடங்காத தம்பி

வைகாசி 14, ஞாயிறு

ஓமலூரில் இன்று தம்பி மகளுக்கு நிச்சயம். நான்தான் படம் எடுத்தேன். இந்த டிஜிட்டல் கேமராவுக்கு முப்பத்தைந்து எம்எம் லென்ஸ் வாங்கச் சொன்னார் கடைக்காரர். பிலிம் காலம் முழுக்க ஐம்பதில் எடுத்தவன் நான், ஐம்பதையே வாங்கினேன். மாட்டினால் பொருந்துகிறது. ஆனால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் பிலிமைவிடச் சிறியது என்பதால் பழைய அகலம் கிடைக்கவில்லை. முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போனேன். அப்படியும் ஓரத்தில் நின்ற தம்பி படத்தில் பாதிதான் விழுந்தான்.

திரையைப் பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டான்: "ஏனுங்ண்ணா, பங்காளிய வெட்டறதுக்குன்னே லென்ஸ் வாங்குனீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பொதுக் கிணற்றுக்காக நாங்கள் கோர்ட்டுக்குப் போன பிறகு இன்றுதான் என்னை அழைத்திருந்தான்.

"என்ற லென்சுல குத்தமில்லடா. உன்ற ஊட்டுக் கூடந்தான் சின்னது" என்றேன். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

உடம்பு அசந்துவிட்டது, தூக்கம் வரவில்லை. நாளை போய் முப்பத்தைந்தை வாங்கி வருகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். தாலி கட்டும்போது பெண்ணைப் பெற்றவன் படத்தில் முழுதாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு என்னை எடுக்கச் சொல்வானா என்பதுதான் தெரியவில்லை.